'கிஃப்ட்'னா பரிசா, விஷமா, கல்யாணமா? ஒரு சின்ன வார்த்தையை மொழி மொழியா துரத்திப் பிடிக்கிறது எப்படி

ஸ்வீடன் வந்த மொத வாரம் ஒரு ஆபீஸ்ல ஃபார்ம் ஒண்ணு கொடுத்தாங்க. பேரு, பொறந்த தேதி எல்லாம் எழுதிட்டே வந்தா நடுவுல ஒரு வரி, வரிசையா சின்னச் சின்ன கட்டம், அதுல ஒண்ணுக்குப் பக்கத்துல ஜி, ஐ, எஃப், டினு நாலு எழுத்து. எனக்கு அப்போ ஸ்வீடிஷ் சுத்தமா தெரியாது, ஆனா சென்னையில ரெண்டு வருஷம் ஜெர்மன் படிச்சிருந்தேன், ஜெர்மன்ல அந்த நாலு எழுத்துக்கு அர்த்தம் விஷம். இங்கிலீஷ்ல பரிசு. ரெண்டும் ஒரு ஃபார்ம்ல பேருக்கும் பொறந்த தேதிக்கும் கீழ வர வேண்டிய வேலையே இல்லை. பக்கத்து கட்டத்துல அதே வார்த்தைக்கு முன்னாடி ஒரு 'ஓ' சேர்த்துப் போட்டிருந்துச்சு. நான் பேனாவை வச்சுக்கிட்டு நிக்கிறதைப் பார்த்து கவுன்ட்டர்ல இருந்த அம்மா அந்த வார்த்தையை 'யிஃப்ட்'னு வாசிச்சு, தன் மோதிரத்தைத் தொட்டுக் காட்டினாங்க. கல்யாணம் ஆனவர். 'ஓ' போட்டது கல்யாணம் ஆகாதவர்.

அன்னைக்கு வீட்டுக்கு வந்து ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் அந்த ஒரு வார்த்தையைத் தேடிட்டு இருந்தேன். அதுக்கப்புறம் இது ஒரு பழக்கமாவே ஆயிடுச்சு. 'ஸ்வீடன்ல கல்யாணமும் விஷமும் ஒரே வார்த்தையாம்'னு ஒரு மீம் அடிக்கடி சுத்தும், எல்லாரும் சிரிச்சுட்டு போயிடறாங்க, அது எனக்கு வருத்தம். ஏன்னா அந்த வார்த்தைக்குள்ள ஆயிரம் வருஷத்துக்கு மேல கதை இருக்கு, அதைத் தோண்டி எடுக்க பெரிய படிப்பெல்லாம் வேண்டாம், எந்த வரிசையில பார்க்கணும்னு தெரிஞ்சா போதும். நான் எப்படிப் பார்க்கிறேன்னு இந்த ஒரே வார்த்தையை வச்சு சொல்றேன், உங்க வார்த்தையை அந்த இடத்துல போட்டுப் பாருங்க.

மொத வேலை, வார்த்தைக்கு முழு முகவரி எழுதறது. 'ஜெர்மன்ல கிஃப்ட்னா விஷம்'னு மட்டும் எழுதி வச்சா பத்தாது. பெயர்ச்சொல்லா, வினையா, உரிச்சொல்லா, ஆண்பாலா பெண்பாலா நடுப்பாலா, எப்படி உச்சரிக்கிறாங்க, பன்மை என்ன, இவ்வளவும் வேணும். நம்ம மொழியில பொருளுக்கு பால் கிடையாது, அதனால இந்தப் பகுதியை நாம லேசா விட்டுடுவோம், நானும் விட்டிருக்கேன், ஆனா பெரிய துப்பு பல நேரம் அங்கதான் கிடக்கும். இப்ப எழுதுவோம். ஜெர்மன்: 'கிஃப்ட்', பெயர்ச்சொல், நடுப்பால், 'டாஸ் கிஃப்ட்', விஷம். ஸ்வீடிஷ்: எழுத்து அதே, வாசிக்கிறது 'யிஃப்ட்', பெயர்ச்சொல்லா வந்தா விஷம், உரிச்சொல்லா வந்தா கல்யாணம் ஆன. நார்வீஜியனும் அப்படியே, அங்கயும் 'யிஃப்ட்'தான். டேனிஷ்ல அதே ரெண்டு அர்த்தம், ஆனா 'க' சத்தம் அப்படியே இருக்கு. டச்சுல எழுத்துலயே பிரிச்சுட்டாங்க, 'டி' இருந்தா நன்கொடை, 'டி' இல்லாம 'கிஃப்'னு நின்னா விஷம், அவங்க அந்த மொத எழுத்தை தொண்டையில உரசிச் சொல்லுவாங்க. ஐஸ்லாண்டிக்ல கல்யாணம் ஆன பொண்ணை 'கிஃப்ட்'னு சொல்றாங்க, விஷத்துக்கு வேற வார்த்தை. இங்கிலீஷ் உங்களுக்கே தெரியும்.

இதை ஒரு தாள்ல எழுதிப் பார்த்தாலே பாதி மீம் உதிர்ந்துடும். டேனிஷ்காரர் 'ஹான் எர் கிஃப்ட்'னு சொன்னா அது அவருக்குக் கல்யாணம் ஆயிடுச்சுங்கிற உரிச்சொல், பாட்டில்ல இருக்கிறது பெயர்ச்சொல். ரெண்டும் ஒரே வீட்டுல பொறந்து வேற வேற தெருவுல குடியேறினவங்க.

ரெண்டாவது வேலை, எனக்கு ரொம்பப் பிடிச்ச வேலை, கூட்டுச்சொல்லைப் பிரிச்சுப் பார்க்கிறது. ஒரு வார்த்தையோட பழைய அர்த்தம் தெருவுல நடமாடறதை நிறுத்தினாலும் கூட்டுச்சொல்லுக்குள்ள போய் ஒளிஞ்சுக்கும், அங்க நூத்துக்கணக்கான வருஷம் பத்திரமா இருக்கும். எந்தக் கதையையும் படிக்கிறதுக்கு முன்னாடி மொத அங்க போய்ப் பாருங்க. ஜெர்மன்ல 'மிட்கிஃப்ட்'னு ஒரு சொல் இருக்கு. 'மிட்'னா கூட. அப்ப 'கூட இருக்கிற விஷம்'னா? கிடையாது, அதுக்கு அர்த்தம் சீர்வரிசை, வரதட்சணை, பொண்ணோட கூடவே கொடுத்து அனுப்புறது. இப்ப பாலைப் பாருங்க, விஷம் நடுப்பால், மிட்கிஃப்ட் பெண்பால். இங்கதான் எனக்கு மண்டையில லைட் எரிஞ்சுது. 'கிஃப்ட்'ங்கிற சொல் பழைய ஜெர்மன்ல பெண்பாலாதான் இருந்துச்சு, அர்த்தம் கொடுக்கிறது, கொடுத்த பொருள். 'கேபன்'னா கொடு, அதுல இருந்து வந்த பெயர்ச்சொல். விஷம்ங்கிற அர்த்தம் வலுத்து தனியா பிரிஞ்சப்போ பாலும் மாறிடுச்சு, ஆனா மிட்கிஃப்ட்குள்ள இருந்தது பழைய பாலையும் பழைய அர்த்தத்தையும் விடவே இல்லை.

ஸ்வீடிஷ்லயும் இதே மாதிரி தட்டிப் பாருங்க. 'ஆவ்யிஃப்ட்'னா கட்டணம், 'ஊத்யிஃப்ட்'னா செலவு, 'உப்யிஃப்ட்'னா ஒருத்தர்கிட்ட ஒப்படைச்ச வேலை. பார்க்கிங் மெஷின்ல கூட 'ஆவ்யிஃப்ட்'னு எழுதியிருக்கும், அதுக்கும் விஷத்துக்கும் சம்பந்தமில்லை, கல்யாணத்துக்கும் சம்பந்தமில்லை, கொடுக்கிறதுங்கிற அடி அர்த்தம் மட்டும் உள்ள உட்கார்ந்திருக்கு. அதே ஊர்ல 'யிஃப்திக்'னா விஷமுள்ள. டச்சுல இன்னும் அழகு, விஷத்துல இருந்து 'டி'யைத் தள்ளிட்டாங்கன்னு சொன்னேன்ல, ஆனா விஷமுள்ளங்கிற உரிச்சொல்லுல அந்த 'டி' இன்னும் நிக்குது. விஷ எச்சரிக்கை போட்ட ஏதாவது பாட்டிலோட பின்பக்க லேபிளை எடுங்க, சிவப்பு ஓரம் போட்ட மண்டை ஓடு படத்துக்குக் கீழ நாலஞ்சு மொழியில ஒரே எச்சரிக்கை சின்ன எழுத்துல இருக்கும், முழுங்கினா விஷம்ங்கிற அந்த வரி ஜெர்மன், டச்சு, டேனிஷ், ஸ்வீடிஷ் நாலுலயும் இந்த ஒரே சொல்லுலதான் தொடங்கும், ஸ்வீடிஷ்ல மட்டும் கடைசியில கூட ஒரு 'டி' இருக்கும். நான் இதைக் கிச்சன்ல நின்னுக்கிட்டே விரல் வச்சு வரி வரியா படிச்சேன். பக்கத்துலயே இங்கிலீஷ் வரியில 'டாக்ஸிக்'னு இருக்கும், அதுக்கு அப்புறம் வரேன்.

கல்யாணத்துக்கு இப்ப விளக்கமே தேவையில்லை, நமக்கு ரொம்ப சுலபமா புரியும். 'அந்த ஊர்ல பொண்ணு கொடுத்திருக்கோம்', 'இங்க பொண்ணு எடுத்திருக்கோம்'னு நம்ம வீட்டுல சொல்றது அப்படியே அதுதான். ஸ்வீடிஷ், டேனிஷ், ஐஸ்லாண்டிக் எல்லாத்துக்கும் அம்மாவான பழைய நார்ஸ் மொழியில பொண்ணைக் கட்டிக் கொடுக்கிறதுக்கு 'கிப்தா'னு ஒரு வினை, அதோட எச்ச வடிவம்தான் இன்னைக்கு ஃபார்ம்ல இருக்கிற 'கொடுக்கப்பட்ட'. அப்படின்னா ஆம்பளைக்கு? ஐஸ்லாண்டிக்ல இன்னும் அந்த வித்தியாசம் உயிரோட இருக்கு, கல்யாணம் ஆன பொண்ணுக்கு 'கிஃப்ட்', ஆணுக்கு 'க்வைந்துர்', அதாவது மனைவியை உடையவன். ஸ்வீடன்ல ரெண்டு பேருக்கும் ஒரே சொல்லு ஆயிடுச்சு, இன்னைக்கு அங்க ஒரு ஆம்பளை தன்னை 'கொடுக்கப்பட்டவன்'னுதான் சொல்லிக்கிறார், யாருக்கும் அது காதுல உறைக்கிறதில்லை. பழைய இங்கிலீஷ்லயும் இந்தச் சொல் பரிசுங்கிற பொதுவான அர்த்தத்துல அதிகம் வரலை, பொண்ணுக்காகக் கொடுக்கிற பணம்ங்கிற அர்த்தத்துலதான் வந்துச்சு, அதையே பன்மையில சொன்னா கல்யாணம். நம்ம ஊர்ல பரிசம் போடறதுனு சொல்ற அந்தச் சொல்லும் பரிசுங்கிற சொல்லும் பக்கத்துல பக்கத்துல நிக்கிறதை இங்க நினைச்சுக்கிட்டேன்.

மூணாவது, பழைய அகராதிக்குப் போறது. ஆன்லைன்ல கிடைக்கிற ரெண்டு வரி விளக்கம் தொடக்கத்துக்கு ஓகே, ஆனா அந்தந்த மொழியோட பெரிய வரலாற்று அகராதியில தேதி போட்ட பழைய வாக்கியம் இருக்கும், நமக்கு வேண்டியது அது. ஜெர்மனுக்கு கிரிம் சகோதரர்கள் ஆரம்பிச்ச அகராதி, தேவதைக் கதை தொகுத்த அதே ரெண்டு பேர்தான், 1838ல வேலையை எடுத்தாங்க, மொத தொகுதி 1854ல வந்துச்சு, 1863ல யாக்கோப் கிரிம் இறந்தப்போ 'எஃப்' எழுத்துல பழம்ங்கிற சொல்லு வரைக்கும்தான் வந்திருந்தார், வேலை முழுசா முடிஞ்சது 1961ல. அதனால அதுல 'கிஃப்ட்'ங்கிற பகுதி அவங்க எழுதினது கிடையாது, பின்னால வந்தவங்க எழுதினது. ஆக்ஸ்ஃபோர்ட் அகராதியோட மொத பகுதி 1884, முடிஞ்சது 1928. ஸ்வீடிஷ் அகாடமி அகராதி 2023லதான் கடைசி எழுத்தைத் தொட்டுச்சு. ஜெர்மன், ஸ்வீடிஷ், டேனிஷ் பெரிய அகராதிகளை நெட்ல காசு இல்லாமயே பார்க்கலாம். மொழி தெரியலைன்னா பயப்படாதீங்க, நீங்க தேடறது மூணே விஷயம்தான்: மொத அர்த்தமா எதைப் போட்டிருக்காங்க, எந்த நூற்றாண்டு, எந்த மொழியில இருந்து வந்ததுனு ஏதாவது சுருக்கெழுத்து இருக்கா. அகராதியில சுருக்கெழுத்துப் பட்டியல் எங்கயாவது இருக்கும், அதை மொத டவுன்லோட் பண்ணி வச்சுக்கங்க, மத்ததை டிரான்ஸ்லேட்டர்ல போட்டுக்கலாம்.

நாலாவது, சத்தத்தைக் கேளுங்க. இங்கிலீஷ்ல மஞ்சளுக்கு 'யெல்லோ', நேத்துக்கு 'யெஸ்டர்டே', ஜெர்மன்ல அதுவே 'கெல்ப்', 'கெஸ்டர்ன்'. அதாவது ஜெர்மன்ல 'க' இருக்கிற இடத்துல, 'இ', 'எ' மாதிரி உயிரெழுத்துக்கு முன்னாடி, இங்கிலீஷ்ல 'ய' ஆயிடுச்சு. அந்தக் கணக்குப்படி இங்கிலீஷ்காரங்க இன்னைக்கு 'யிஃப்ட்'னு சொல்லியிருக்கணும், ஏன் 'கிஃப்ட்'னு சொல்றாங்க? இந்த மாதிரி ஒரு சொல் கணக்குக்கு ஒத்து வரலைன்னா சந்தோஷப்படுங்க, ஏதோ நடந்திருக்குனு அர்த்தம். நடந்தது வைக்கிங். 865ல ஒரு பெரிய டேனிஷ் படை இங்கிலாந்துல இறங்குச்சு, பின்னால வடக்கு, கிழக்குப் பக்கம் நிறைய பேர் அங்கயே குடியேறிட்டாங்க, அவங்க பேச்சுல 'க' கெட்டியா இருந்துச்சு. இங்கிலீஷ்காரங்க சொந்தச் சொல்லை விட்டுட்டு பக்கத்து வீட்டுக்காரங்க சொன்ன மாதிரியே சொல்லப் பழகிட்டாங்க. ஒரே நாள்ல இல்லை, 14ஆம் நூற்றாண்டுல சாசர்ங்கிற கவிஞர் எழுதின இங்கிலீஷ்ல கூட 'யிஃப்ட்' இருந்துச்சு. முட்டைக்கு 'எக்'குங்கிறதும் இப்படி வந்ததுதான், இங்கிலீஷோட சொந்தச் சொல் 'ஏய்'. இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம், கெட்டி 'க'வை இங்கிலீஷுக்குக் கொடுத்த அந்த வடக்கத்தி மொழிகள்ல ஸ்வீடிஷும் நார்வீஜியனும் பின்னால தாங்களே அதை 'ய'வா மாத்திக்கிட்டாங்க, கொடுத்த குடும்பத்துல பாதிப் பேர் கையில இல்லை, வாங்கினவங்க கையில இன்னும் இருக்கு.

இப்ப கஷ்டமான கேள்விக்கு வருவோம், கொடுக்கிறது எப்படி விஷம் ஆச்சு? இங்க நிறைய பேர் கற்பனையை அவிழ்த்து விடுவாங்க, அரசன் பரிசுன்னு சொல்லி விஷம் கொடுத்தான், வரதட்சணை குடும்பத்துக்கே விஷம் ஆச்சுன்னு. எதையும் நம்பாதீங்க. ஒரு அர்த்த மாற்றம் உண்மையா நடந்திருக்கும்னு சொல்லணும்னா அதே திருப்பம் வேற மொழியில நடந்திருக்கானு பாருங்க. கிரேக்கத்துல 'டோசிஸ்'னா கொடுத்தல், அதுவே வைத்தியர் ஒரு தடவை கொடுக்கிற மருந்தளவு ஆச்சு, லத்தீன் வைத்தியப் புத்தகத்துக்குப் போச்சு, அங்க இருந்து ஐரோப்பா பூரா, இன்னைக்கு நம்ம மெடிக்கல் ஷாப்ல 'எத்தனை டோஸ்'னு கேட்கிறோமே அந்த டோஸ். மேலதிகாரி 'நல்லா டோஸ் விட்டாரு'னு சொல்றோமே, அதுவும். ஜெர்மன்காரங்க அந்த 'டோசிஸ்'ஸைப் பார்த்து தங்க மொழியில கொடுத்தலுக்கு இருந்த 'கிஃப்ட்'டை அந்த இடத்துல வச்சாங்க. வைத்தியர் கொடுத்தது. அப்புறம் வைத்தியர் அல்லாதவங்க ரகசியமா கொடுத்தது. விஷம்ங்கிற சொல்லை வாயில எடுக்கக் கூடாதுனு பூசி மெழுகிப் பேசறது எல்லா ஊர்லயும் உண்டு, பூசின சொல்லே கொஞ்ச நாள்ல விஷமாகிடும்.

மத்த மொழிகளையும் பாருங்க. பிரெஞ்சு 'புவாசோன்', இங்கிலீஷ் 'பாய்சன்', ரெண்டும் லத்தீன் 'போத்தியோ'வுல இருந்து வந்தது, அதுக்கு அர்த்தம் வெறும் குடிக்கிறது, பானம். 'போஷன்'ங்கிறதும் அதேதான், ஒரே சொல்லு ரெண்டு தடவை இங்கிலீஷுக்குள்ள வந்திருக்கு, ஒண்ணு விஷமா ஒண்ணு மந்திரக் கஷாயமா. லத்தீன் 'வெனேனும்', இத்தாலியன் 'வெலேனோ'வோட அம்மா, அது ரோமானியக் காதல் தெய்வம் வீனஸ் பேரோட சம்பந்தப்பட்டது, தொடக்கத்துல வசியம் பண்ற மருந்து. ரோம சட்ட அறிஞர் கையுஸ் ஒரு குறிப்புல, 'வெனேனும்'னு சொல்றவர் நல்லதா கெட்டதானு சேர்த்துச் சொல்லணும்னு எழுதியிருக்கார், அந்த அளவுக்கு ரெண்டு பக்கமும் பாய்ஞ்ச சொல் அது. கிரேக்க 'ஃபார்மகோன்' மருந்தும்தான் விஷமும்தான், ஃபார்மசிங்கிற போர்டு அதுல இருந்து வந்தது. அந்த பாட்டில்ல இருந்த 'டாக்ஸிக்', கிரேக்கத்துல 'டாக்சோன்'னா வில்லு, அம்புல தடவற மருந்துக்கு 'வில்லுக்கான ஃபார்மகோன்'னு பேரு, நாளாக ஆக ஃபார்மகோன் உதிர்ந்து வில்லு மட்டும் மிஞ்சி விஷம்னு ஆயிடுச்சு.

இவ்வளவும் படிச்சுட்டு நம்ம வீட்டுப் பேச்சைக் கேளுங்க. எலி மருந்து, பூச்சி மருந்து. எலிக்கு வைத்தியமா பார்க்கிறோம்? சோத்துல ஏதோ கலந்து கொடுத்து ஆளை மயக்கிட்டாங்கனு பாட்டிங்க சொல்ற இடுமருந்து, இடறதுன்னாலே கொடுக்கிறது, அது அப்படியே ரோமாபுரி வெனேனும். எங்க அம்மாகிட்ட ஃபோன்ல இந்த ஜெர்மன் கதையைச் சொன்னேன், அவங்க கொஞ்சம்கூட ஆச்சரியப்படலை, 'மருந்து வச்சுட்டாங்கனு சொல்றது இல்லையா, அது மாதிரிதான்'னு ரெண்டே வார்த்தையில முடிச்சுட்டாங்க. நான் ராத்திரி பூரா தேடினது அவங்க வாயிலயே இருந்துச்சு.

பாரசெல்சஸ் பத்தி சொல்லாம போக முடியாது. சுவிஸ்ல பொறந்த வைத்தியர், 1541ல இறந்தார். 1538ல எழுதினதுல ஒரு வாக்கியம், எல்லாப் பொருளும் விஷம்தான், விஷம் இல்லாதது எதுவும் இல்லை, அளவு ஒண்ணுதான் ஒரு பொருளை விஷம் இல்லாததா ஆக்குதுங்கிற அர்த்தத்துல. மருந்தியல் படிக்கிறவங்க எல்லாருக்கும் இது தெரியும். ஆனா ஜெர்மன்ல அந்த வாக்கியத்துல விஷத்துக்கு 'கிஃப்ட்', அளவுக்கு 'டோசிஸ்'. ரெண்டுக்கும் அடி அர்த்தம் கொடுத்தல். ஒண்ணு ஜெர்மன் உடுப்பு, இன்னொண்ணு கிரேக்க உடுப்பு, அண்ணன் தம்பி மாதிரி எதிரெதிரே நிக்க வச்சிருக்கார். மொழிபெயர்ப்புல இது காணாமலே போயிடும், மூலத்தை ஒரு தடவை சத்தமா வாசிச்சுப் பாருங்க.

வடக்குல விஷத்துக்கு இந்தச் சொல் வர்றதுக்கு முன்னாடி என்ன இருந்துச்சுனு பார்க்கிறதும் முக்கியம், ஒரு அர்த்தம் உள்ள வந்தா வேற ஏதோ சொல் இடத்தைக் காலி பண்ணியிருக்கும். பழைய நார்ஸ்ல விஷம் 'எய்த்ர்'. ஐஸ்லாந்துல இன்னைக்கும் 'எய்துர்'தான். ஜெர்மன் பக்கமிருந்து விஷ அர்த்தத்தோட 'கிஃப்ட்' வந்து உட்கார்ந்தப்புறம் டென்மார்க்ல பழைய சொல் சிலந்திக்குள்ள போய் ஒளிஞ்சுக்கிச்சு, சிலந்திக்கு அங்க 'எடர்கோப்', அந்த 'எடர்'தான் பழைய விஷம். ஜெர்மன்ல அதே சொல் 'ஐட்டர்'னு ஆகி சீழ்னு அர்த்தம். பாருங்க, மறுபடியும் கூட்டுச்சொல்லுக்குள்ளதான் கிடைச்சுது.

இதுவரைக்கும் ஒரே வேர், பல கிளை. ஆனா ஒரே மாதிரி இருக்கிறது எல்லாம் சொந்தக்காரங்க கிடையாது, இந்தச் சோதனையைப் பண்ணாம எதையும் எழுதி வெளியிடாதீங்க. ஸ்வீடிஷ்ல 'பார்ன்'னா குழந்தை, இங்கிலீஷ்ல அதே எழுத்துக்கு தானியக் கொட்டகை. கொட்டகையில பொறந்த குழந்தைனு கதை கட்டிடலாம், ஆனா ஸ்வீடிஷ் சொல் சுமந்து பெத்ததுங்கிற வேர்ல இருந்து வந்தது, ஸ்காட்லாந்துல குழந்தையைச் சொல்ற 'பேர்ன்' அதோட உறவு. இங்கிலீஷ் சொல் பார்லிக்கான பழைய சொல்லும் வீடுங்கிற பழைய சொல்லும் சேர்ந்து தேய்ஞ்சது. சும்மா முகம் ஒத்துப்போச்சு, அவ்வளவுதான். ஸ்வீடிஷ் 'ஃபார்ட்' வேகம், ஜெர்மன் பயணச் சொல் 'ஃபாஹ்ர்ட்'டோட உடன்பிறப்பு, இங்கிலீஷ்ல அதே எழுத்துல இருக்கிற கெட்ட வார்த்தைக்கும் அதுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

இதுல பெரிய ஏமாத்து ஜெர்மன் 'ஹாபன்', லத்தீன் 'ஹபேரே'. ரெண்டுக்கும் அர்த்தம் வச்சிருத்தல், உருவமும் ஒண்ணு, அர்த்தமும் ஒண்ணு, நூத்துக்கு தொண்ணூறு பேர் சொந்தம்னு சத்தியமே பண்ணுவாங்க. இல்லை. யாக்கோப் கிரிம் 1822ல எழுதின ஒலி விதியைப் போட்டுப் பாருங்க, ஜெர்மன்ல 'ஹ' வந்தா லத்தீன்ல 'கல்'லுல வர்ற 'க' வரணும், கொம்புக்கு ஜெர்மன்ல 'ஹோர்ன்' லத்தீன்ல 'கோர்னு', நூறுக்கு 'ஹுண்டெர்ட்', 'கெண்டும்'. லத்தீன்ல 'ஹ' வந்தா ஜெர்மன்ல 'கிஃப்ட்'ல வர்ற 'க', தோட்டத்துக்கு 'ஹோர்டுஸ்', 'கார்டன்'. அப்ப ஹாபனோட உண்மையான உறவு லத்தீன் 'கபேரே', பிடித்தல். ஹபேரேயோட உறவு? ஜெர்மன்ல 'க'வுல தொடங்கணும், நடுவுல 'ப' இருக்கணும். 'கேபன்', கொடுத்தல்! நம்ம கிஃப்ட்டோட அம்மா. ஒருத்தர் வச்சிருக்கார், ஒருத்தர் கொடுக்கிறார், கை மாறுதுங்கிற ஒரே செயலோட ரெண்டு முனை. இது எனக்குக் கிடைச்ச அன்னைக்கு யார்கிட்டயாவது சொல்லியே ஆகணும்னு இருந்துச்சு.

இதுக்கு நேர் எதிர் வகையும் உண்டு, அர்த்தம் தலைகீழ், ஆனா வேர் ஒண்ணு. போர்ச்சுகல்ல கடைக் கதவுல எழுதியிருக்கிறதை 'புஷ்'னு வாசிப்பாங்க, அர்த்தம் இழு. இங்கிலீஷ் புஷ் தள்ளு. ரெண்டும் லத்தீன் 'புல்சாரே'வோட பேரப்பிள்ளைங்க. அதனால அர்த்தம் ஒத்துப்போறதை வச்சோ முரண்படறதை வச்சோ சொந்தத்தை முடிவு பண்ணாதீங்க, ஒலிக் கணக்கும் பழைய பதிவும்தான் சாட்சி. நம்ம 'நாற்றம்' ஒரு காலத்துல நறுமணம்தானே.

ஒரு நடைமுறை விஷயம், இதை சீரியஸா எடுத்துக்கங்க. ஜெர்மனிக்கோ ஸ்வீடனுக்கோ புதுசா போனவங்க, வீட்டுல குழந்தை இருந்தா, பாட்டில்ல டப்பாவுல இந்த நாலு எழுத்து எங்க பார்த்தாலும் கை எட்டாத உயரத்துல வைங்க, உங்க கண்ணு இங்கிலீஷ்ல வாசிக்கப் பழகினது, அது பரிசுனு சொல்லும். ஜெர்மனியில 'கிஃப்ட்நோட்ரூஃப்'னு விஷத்துக்குன்னே அவசர ஃபோன் லைன் இருக்கு, உங்க ஊர் நம்பரைத் தேடி ஃப்ரிட்ஜ்ல ஒட்டி வைங்க. ரெண்டு நாட்டுலயும் உயிருக்கு ஆபத்துன்னா 112.

பழகிப் பார்க்க ஒரு சொல்லு தரேன், 'ராட்', மூணே எழுத்து, ஆர், ஏ, டி. இங்கிலீஷ்ல எலி. ஜெர்மன்ல ஊர் நடுவுல பெரிய பழைய கட்டடத்து மேல 'ராட்ஹௌஸ்'னு போட்டிருக்கும், அது எலி வீடு கிடையாது, எலிக்கு ஜெர்மன்ல வேற எழுத்துக்கூட்டல், 'ராட்டெ'. மொத முழு முகவரி எழுதுங்க, பால் உட்பட. அப்புறம் கட்டடத்துப் பேரைப் பிரிங்க. அப்புறம் இங்கிலீஷ்ல புத்தகத்தை வச்சுக்கிட்டு தினமும் பண்ற ஒரு வேலைக்கான வினைச்சொல்லை எடுத்துப் பாருங்க, கடைசியா, ஒரு காலத்துல இங்கிலாந்தை ஆண்ட எதெல்ரெட்னு ஒரு ராஜாவோட பேரையும் அவருக்கு வச்ச பட்டப்பேரையும் நடுவுல வெட்டிப் பாருங்க, ரெண்டுலயும் அதே சொல் உட்கார்ந்திருக்கும்.